‘ரேட் எவ்ளோ மேடம்?’: ஆன்லைன் புக்கிங்கில் காமெடி ஷோ பிடிப்பது எப்படி

பகலில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். சனி ஞாயிறுகளில் மைக் பிடித்து ஆட்களைச் சிரிக்க வைக்கிறேன். யார் வேண்டுமானாலும் மேடை ஏறிப் பார்க்கலாம் என்கிற ஓப்பன் மைக்கில் கொஞ்சம் கைதட்டல் வாங்கிய தம்பி தங்கைகள் கேட்பது ஒரே கேள்விதான்: “காசு வர்ற ஷோ எப்படிக்கா பிடிக்கிறது?” எனக்கு வருபவை பெரும்பாலும் ஆன்லைன் புக்கிங் தளங்கள் வழியாகத்தான் வருகின்றன. ஆனால் தளத்திலிருந்து நமக்குக் கிடைப்பது ஒரு போன் நம்பர் மட்டும்தான். அது ஷோவாக மாறுவதும் மாறாததும் நாம் அனுப்பும் முதல் பதிலைப் பொறுத்தது.

எந்தத் தளத்தில் சேர்வது? ஜஸ்ட்டயல், சுலேகா போன்றவற்றில் ஒருவர் ஆள் தேடினால், அந்த விசாரிப்பு உங்களைப் போலவே பட்டியலில் இருக்கும் இன்னும் சிலருக்கும் போகும். காசு கட்டினால் லீட், அதாவது விசாரிப்பு, அதிகம் வரும் என்று அவர்கள் ஆளே போன் செய்வார். முதலில் இலவசப் பட்டியலில் இருந்து பாருங்கள், அவசரமில்லை. ஸ்டார்கிளிஞ்ச் போன்றவை கலைஞர்களை புக் செய்வதற்கென்றே இருப்பவை. கூகுளில் தேடினால் கிக்சாலட், தி பாஷ் என்று அமெரிக்கத் தளங்களும் வரும். கிக்சாலட் அமெரிக்காவுக்கும் கனடாவுக்குமானது. நெல்லிக்குப்பத்தில் இருந்துகொண்டு அங்கே உறுப்பினர் கட்டணம் கட்டுவது வீண். புக்மைஷோ டிக்கெட் விற்கிற இடம், உங்களை வேலைக்குக் கூப்பிடுகிற இடமில்லை.

ஊர் என்ற கட்டத்தில் கடலூர் என்று மட்டும் போட்டால் போன் அடிக்காது. புதுச்சேரி, சென்னை இரண்டையும் சேருங்கள். நமக்குப் பக்கத்தில் இருக்கும் சந்தை புதுச்சேரி ரிசார்ட்டுகள்தான். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஐடி கம்பெனிகள் டீம் அவுட்டிங் என்று அங்கேதான் வந்து இறங்குகின்றன. இந்தப் பக்கம் நெய்வேலி, சிதம்பரம் என்றால் ரிசப்ஷன், அறுபதாம் கல்யாணம், கல்லூரி விழா. வகை என்ற இடத்தில் ஸ்டாண்ட்-அப் காமெடியன் என்பதோடு ஆங்கர் என்றும் போடுங்கள், தொகுத்து வழங்கத் தெரிந்தால் மட்டும். நம் பக்கத்தில் விழா நடத்துபவர் தேடுவது ஆங்கரையும் மிமிக்ரிக்காரரையும்தான். ஸ்டாண்ட்-அப் என்பதைச் சிலர் இன்னும் பட்டிமன்றத்தின் தம்பி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைக்கட்டும், அட்வான்ஸ் வந்தால் சரி.

வீடியோ மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முதல் இருபது நொடியிலேயே ஒரு சிரிப்பு வெடிக்க வேண்டும், அந்தச் சிரிப்புச் சத்தம் வீடியோவில் கேட்கவும் வேண்டும். பெயர் ஓடுவது, பின்னணி இசை, ட்ரோன் ஷாட் எதுவும் வேண்டாம். வீட்டு விசேஷத்துக்கு ஆள் எடுப்பவர் அந்த வீடியோவை அம்மாவிடமும் காட்டுவார். அதனால் இரட்டை அர்த்தமும் சாதி, மதக் கிண்டலும் இல்லாத பகுதியை மேலே வையுங்கள்.

இனி முதல் பதில். விசாரிப்பு அநேகமாக ஒரு தேதியோடு இப்படித்தான் வரும்: “ஹாய் மேடம், ரேட் எவ்ளோ?” உடனே ஒரு தொகையைச் சொன்னால் அந்தப் பக்கம் மௌனம்தான். சொல்லாமல் இழுத்தால் அடுத்தவரிடம் போய்விடுவார். நான் அனுப்புவது இது:

“வணக்கம் சார், அந்தத் தேதியில் ஃப்ரீயாக இருக்கிறேன். எத்தனை பேர், குழந்தைகள் உண்டா, சாப்பாடு எத்தனை மணிக்கு, ஹாலா புல்வெளியா, மைக் செட் யாருடையது? இந்த அஞ்சும் சொன்னால் ரேட்டை இப்பவே அனுப்புகிறேன்.”

இந்த ஐந்தும் சும்மா கேட்பதில்லை. பந்தி ஆரம்பித்துவிட்டால் யார் மேடையில் நின்றாலும் எடுபடாது. சாம்பார் வாளியோடு போட்டி போட முடியாது. அதனால் வரவேற்புரைக்கும் சாப்பாட்டுக்கும் இடையில் எனக்கு நேரம் வேண்டும் என்று அப்போதே எழுதி வாங்கிவிடுகிறேன். ரிசார்ட் பார்ட்டி என்றால் பார் திறப்பதற்கு முன். புல்வெளி என்றால் கடற்காற்று மைக்கில் அடித்து ஊஊ என்று இரையும். பையில் ஒரு ஸ்பாஞ்ச் உறை வைத்திருங்கள், விலை அதிகமில்லை. மைக் செட் கல்யாண மண்டபத்தினுடையது என்றால் கையில் பிடிக்கும் கார்ட்லெஸ் மைக் உண்டா என்று தனியாகக் கேளுங்கள். இல்லாவிட்டால் தலைவர் பேசும் ஸ்டாண்டு மைக்குக்கு முன்னால் அசையாமல் நிற்க வேண்டியதுதான். முதல் வரிசை மேடையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் கேட்டுவிடுங்கள். நடுவில் ஆறு சோபாவைக் காலியாக விட்டு வைக்கிற வழக்கம் நம்மூரில் உண்டு, சிரிப்பு அந்த இடைவெளியிலேயே செத்துவிடும்.

கம்பெனி ஷோ என்றால் ஹெச்ஆரிடம் இன்னொன்று கேட்பேன்: மேனேஜரைக் கலாய்க்கலாமா? கலாய்க்கலாம் என்றால் அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை ஒன்றைச் சொல்லச் சொல்வேன். அது மேடையில் வரும்போது கிடைக்கும் சிரிப்பு நான் எழுதிய எந்த ஜோக்குக்கும் கிடைப்பதில்லை. கொஞ்சம் கடுப்பாகத்தான் இருக்கும்.

ரேட்டை இருபது நிமிடத்துக்கு ஒன்று, நாற்பது நிமிடத்துக்கு ஒன்று என்று இரண்டாகச் சொல்லுங்கள். கமிஷன் நீங்கள் சொன்ன தொகையிலிருந்து பிடிக்கப்படுமா, அதற்கு மேல் வைத்து வாடிக்கையாளரிடம் வாங்கப்படுமா என்பதைத் தளத்திடம் எழுத்தில் கேளுங்கள். 15,000 சொல்லி 20 சதவீதம் பிடித்தால் கைக்கு வருவது 12,000. போக்குவரத்து தனி. இரவு பதினோரு மணிக்கு ஈசிஆரில் பஸ்ஸுக்கு நிற்க எனக்கு இஷ்டமில்லை, அதனால் திரும்பும் காருக்கான செலவும் என் நிபந்தனையில் உண்டு. தங்கைகளே, இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

பாதி அட்வான்ஸ் தேதி உறுதியாகும்போது, மீதி மேடை ஏறும் முன். ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம், பில்லின் வடிவம் சரியில்லை என்று ஆரம்பித்து, தீபாவளிக்குச் செய்த ஷோவுக்குப் பொங்கல் கழித்துத்தான் பணம் போட்டது.

நிபந்தனைகளில் மழையைப் பற்றியும் ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள். நவம்பர், டிசம்பரில்தான் நம் பக்கம் பார்ட்டியும் புயலும் சேர்ந்தே வரும். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது 2024 நவம்பர் 30, சனிக்கிழமை. புயல், வெள்ளம் என்றால் அட்வான்ஸ் திரும்ப வராது, ஆனால் ஆறு மாதத்துக்குள் வேறு தேதி தருகிறேன் என்று நான் எழுதிவைக்கிறேன். யாரும் சண்டை போட்டதில்லை.

ஏமாற்று வேலையும் உண்டு. ராணுவ அதிகாரி என்று பேசுவார், ரேட்டே பேச மாட்டார், அட்வான்ஸ் அனுப்ப ஒரு க்யூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடச் சொல்வார். யூபிஐயில் நமக்குப் பணம் வர பின் நம்பர் தேவையே இல்லை. கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

கணக்கு எழுதுகிறவள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனிகள் பணம் தரும்போது 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது வருமான வரியை முன்கூட்டியே, பிடிக்கலாம். பான் நம்பர் தராவிட்டால் அது 20 ஆகிவிடும். பிடித்த பணம் வருமான வரித் துறையின் இணையதளத்தில் உங்கள் கணக்கில் தெரியும். உங்கள் வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம். பல கலைஞர்கள் அதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். ஜிஎஸ்டி நம்பர் இல்லையா என்று கேட்டால் பயப்பட வேண்டாம். சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டும்வரை பதிவு தேவையில்லை, சாதாரண பில் போதும்.

முதல் ஷோ தளம் வழியாகவே முடியட்டும். நேரடியாகப் பேசி கமிஷனை மிச்சம் பிடிக்கலாம் என்று வாடிக்கையாளர் ஆசை காட்டுவார். மாட்டினால் தளம் உங்கள் பக்கத்தைத் தூக்கிவிடும், அதோடு ரிவ்யூக்களும் போய்விடும். ரிவ்யூவுக்கான லிங்க்கை மறுநாள் காலை பத்து மணிக்குள் அனுப்புங்கள், நேற்றைய சிரிப்பு அவருக்கு நினைவில் இருக்கும். மதியத்துக்கு மேல் போனால் அவர் பந்தல்காரரோடு கணக்குத் தகராறில் இறங்கியிருப்பார்.