மேக் முகவரியை மாற்றியும் ஐபி மோதுகிறதா? விஎம்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே சர்வரில் கேவிஎம் (ஒரு கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை, அதாவது விஎம்களை, ஓட்டும் லினக்ஸ் வசதி) போட்டு, பில்லிங்குக்கு ஒன்று, கோப்புகளுக்கு ஒன்று என்று நாலைந்து விஎம் ஓட்டும் சின்ன ஆபீஸ்கள் ராயபுரத்திலும் உண்டு, தம்புச் செட்டி தெருவிலும் உண்டு. கரண்ட் போய் வந்ததும் எல்லா விஎம்மும் ஒரே நேரத்தில் எழும். இரண்டு விஎம் ஒரே ஐபி முகவரியைப் பிடித்துக்கொள்ளும் வில்லங்கம் வெளியே தெரிவது பெரும்பாலும் அப்போதுதான்.

முதல் தவறு, ஒரு விஎம்மை அப்படியே நகலெடுத்து (குளோன்) மேக் முகவரியை, அதாவது நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணை, மட்டும் மாற்றுவது. மேக் வேறாக இருக்க வேண்டும் என்பது சரிதான், ஆனால் அது போதாது. உபுண்டு சர்வர் போல சிஸ்டம்டி-நெட்வொர்க்டி என்ற நெட்வொர்க் சேவை வழியாக ஐபி வாங்கும் விஎம், ஐபியைத் தானாகப் பங்கிட்டுக் கொடுக்கும் டிஎச்சிபி சர்வரிடம் தன்னை அடையாளம் சொல்வது மேக்கை வைத்து அல்ல. இயல்பாக, அந்த இயந்திரத்துக்கே உரிய எண் இருக்கும் மெஷின்-ஐடி கோப்பிலிருந்து உருவாக்கிய ஓர் எண்ணை வைத்து. குளோனில் அந்தக் கோப்பும் அப்படியே வந்துவிடும். டிஎச்சிபி சர்வருக்கு இரண்டும் ஒரே ஆள்தான். ஒரே ஐபியைக் கொடுத்துவிடும். பாவம், ரூட்டர்தான் திட்டு வாங்கும். குளோன் எடுக்கும் முன் மூல விஎம்மில் அந்தக் கோப்பைக் காலியாக்கிவிடுங்கள், அடுத்த முறை எழும்போது புதிய எண் தானாக உருவாகும். விர்ட்-சிஸ்பிரெப் கருவி இதையும், பழைய எஸ்எஸ்எச் ஹோஸ்ட் சாவிகளை (தொலைவிலிருந்து நுழைபவருக்கு இது எந்த இயந்திரம் என்று காட்டுபவை) நீக்குவதையும் சேர்த்தே செய்துவிடும். உபுண்டுவில் நெட்வொர்க்கை அமைக்கும் நெட்பிளானில் டிஎச்சிபி அடையாளமாக மேக்கையே வைக்கச் சொல்வது இன்னொரு வழி.

பிங் போட்டுப் பார்த்து, பதில் வரவில்லை என்றால் அந்த ஐபி காலி என்று முடிவு கட்டுவது அடுத்த தவறு. ஃபயர்வால் பிங்கை மறித்திருக்கலாம். அதே நெட்வொர்க்கில் உள்ள வேறொரு இயந்திரத்திலிருந்து ஆர்பிங் போடுங்கள்; அந்த ஐபி எந்த மேக்கிடம் இருக்கிறது என்று கேட்கும் கட்டளை அது. ஒரே ஐபிக்கு இரண்டு மேக் பதில் சொன்னால் மோதல் உறுதி. 52:54:00 என்று தொடங்குவது கேவிஎம் விஎம்மாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கையால் கொடுக்கும் ஐபியை, டிஎச்சிபி தானாகப் பங்கிடும் பட்டியலுக்குள்ளேயே எடுப்பதும் கூடாது. அதையே டிஎச்சிபி வேறொருவருக்கும் கொடுத்துவிடலாம்.

இன்னொரு வகை மோதலில், அதாவது முழு ஐபி வரிசையே இரண்டு இடத்தில் இருந்தால், ஆர்பிங் உதவாது. மென்பொருளைத் தனித்தனிப் பெட்டிகளில் (கன்டெய்னர்) ஓட்டும் டாக்கர் இயல்பாக 172.17.0.0/16 வரிசையை எடுத்துக்கொள்ளும், விஎம்களை நிர்வகிக்கும் லிப்விர்ட் 192.168.122.0/24. தலைமை அலுவலக விபிஎன் அதே 172.17 வரிசையில் இருந்தால், பாக்கெட் டாக்கரின் உள் நெட்வொர்க்கான பிரிட்ஜுக்குப் போய் அங்கேயே நின்றுவிடும். விஎம்முக்குள் மறுபடி லிப்விர்ட் நிறுவினாலும் இதே கதை ஆகலாம்: உள்ளும் வெளியும் ஒரே 122 வரிசை. எந்த வரிசைக்கு எந்த வழி என்று காட்டும் ரூட் பட்டியலை முதலில் பாருங்கள். டாக்கரின் டீமன் அமைப்புக் கோப்பில் வேறு வரிசையைக் கொடுத்தால் தீர்ந்தது.

ஐபிவி6 மோதலை லினக்ஸ் கர்னல் தானே கண்டுபிடிக்கும். முகவரிப் பட்டியலில் அந்த முகவரிக்குப் பக்கத்தில் ‘டேட்ஃபெயில்டு’ என்று இருக்கும். அதைக் கவனிக்காமல் ஸ்விட்சை மாற்றப் போகாதீர்கள்.