கொழுக்கட்டையைப் போல் கடித்துவிடாதீர்கள்

சிங்கப்பூர் சைனாடவுனில், மாரியம்மன் கோயிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில், பூரணத்தை மாவில் மடித்து வேகவைக்கும் டம்ப்ளிங் விற்கும், பத்து மேசை போட்ட கடை ஒன்று இருக்கிறது. நடத்துபவர்கள் வடகிழக்குச் சீனாவின் ஹார்பின் பக்கத்திலிருந்து வந்த கணவனும் மனைவியும். ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே அழைத்துப் போவது என் வழக்கம். வந்தவர்கள் அத்தனை பேரும் ஏறக்குறைய அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். தொடக்கத்தில் நானும் அவற்றில் ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை.

நம்மூர் ‘சைனீஸ்’ ஓட்டலை மனத்தில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைவதுதான் முதல் தவறு. என் சித்தப்பா உட்கார்ந்ததும் கோபி மஞ்சூரியன் கேட்டார். பழைய வரைபடங்களில் மஞ்சூரியா என்று குறித்த நிலத்தில்தான் ஹார்பின் இருக்கிறது. ஆனால் அங்கிருந்து வந்த அந்த அம்மாவுக்கு அப்படியொரு பண்டம் இருப்பதே தெரியாது. அது இந்தியாவில் பிறந்தது. இங்கே கேட்டுக்கொள்ள வேண்டியது எந்த விதத்தில் வெந்தது என்பதைத்தான். ஷுய்ஜியாவ் என்றால் தண்ணீரில் வெந்தது. ஜெங்ஜியாவ் ஆவியில் வெந்தது. குவோதியே என்பது அடிப்பக்கம் மட்டும் எண்ணெயில் முறுகியது.

கடை வடக்கத்தியது என்றாலும் ஷாங்காய்ப் பண்டமான சியாவ்லோங்பாவும் மூங்கில் கூடையில் வரும். பூரணக் கொழுக்கட்டையின் சாயல் இருப்பதால் நம்மவர்கள் அப்படியே வாயில் போட்டுக் கடித்துவிடுகிறார்கள். உள்ளே கொதிக்கும் சூப் இருக்கிறது. நாக்கு வெந்துபோய், மூன்று நாள் காப்பியின் ருசிகூடத் தெரியாமல் நான் அலைந்திருக்கிறேன். திரவத்தை எப்படி உள்ளே ஊற்றினார்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். ஊற்றுவதே இல்லை. பன்றித்தோலை நெடுநேரம் கொதிக்கவைத்து ஆறவிட்டால் அந்தச் சாறு கட்டியாக உறைந்துவிடும். அதை நறுக்கிக் கொத்திறைச்சியோடு பிசைந்து மாவில் மடிக்கிறார்கள். ஆவி பட்டதும் உறைந்தது உருகிச் சூப்பாகிறது.

ஆகவே மடிப்புகள் கூடும் உச்சியைக் குச்சியால் மெல்லப் பிடித்துத் தூக்கிக் கரண்டியில் வையுங்கள். பக்கவாட்டில் சிறிதாகக் கடித்து ஓட்டை போட்டு, ஊதி, சூப்பை உறிஞ்சுங்கள். பிறகு கறுப்பு வினிகரில் ஊறிய இஞ்சித் துருவல் இரண்டு இழை வைத்து மிச்சத்தைச் சாப்பிடலாம். குச்சியால் குத்தித் தூக்கினால் சூப் முழுவதும் கூடையில் வடிந்துவிடும். பயந்துகொண்டு ஆறும்வரை காத்திருந்தால் மாவு கூடையின் அடியில் ஒட்டிக்கொண்டு கிழிந்துபோகும்.

எதைச் சாப்பிடுகிறோம் என்பது தெரியாமல் ஆர்டர் கொடுப்பது இவற்றையெல்லாம்விடப் பெரிய தவறு. சீன மொழியில் வெறுமனே ‘ரோவ்’, அதாவது இறைச்சி, என்று எழுதியிருந்தால் அது பன்றிதான். மாட்டுக்கு நியூரோவ், ஆட்டுக்கு யாங்ரோவ் என்று தனியாகச் சொல்வார்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள், வடமேற்குச் சீனாவின் லான்ஜோவ் நகர நூடுல்ஸ் விற்கும் கடையில் “துண்டுகளை மட்டும் எடுத்துவிடுங்கள்” என்று கேட்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சூப்பே மாட்டெலும்பு வெந்த சாறு. துண்டை எடுத்து என்ன பயன்?

சைவர்களின் பாடு இன்னும் சிக்கல். ‘ஸூ’ என்றால் சைவம். ஆனால் டம்ப்ளிங் கடையில் முட்டையும் பூண்டுத்தழையும் வைத்த பூரணத்தையும் அந்தக் கணக்கில்தான் சேர்ப்பார்கள். அதிலேயே ஒரு பிடி உலர்ந்த கூனி இறாலும் கலந்திருக்கலாம். பச்சை பீன்ஸ் வறுவலில் கொத்துப் பன்றி, கீரையில் சிப்பிச் சாஸ். ‘சைவமா?’ என்று ஒற்றைச் சொல்லில் கேட்டால் ‘ஆமாம்’ என்று பதில் வரும். அவர்கள் பொய் சொல்லவில்லை. இறைச்சி, இறால், சிப்பிச் சாஸ், முட்டை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பௌத்தச் சைவக் கடை என்றால் இந்தக் கவலை குறைவு; அங்கே வெங்காயமும் பூண்டும்கூடப் பெரும்பாலும் இருக்காது. முஸ்லிம் நண்பர்களுக்கு ஒரு சொல்: ‘பன்றி இறைச்சி இல்லை’ என்ற பலகையும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் வழங்கும் ஹலால் சான்றிதழும் ஒன்றல்ல.

அடுத்தது, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்டுவிடுவது. நல்ல கடையில் கொதிக்கும் தண்ணீரில் டம்ப்ளிங்கைப் போட்டு, பொங்கிவரும்போதெல்லாம் குளிர்ந்த நீர் விட்டு அடக்கி, இப்படி மூன்று முறை செய்து எடுப்பார்கள். கொஞ்ச நேரம் பிடிக்கும். அதற்குள் மேசைக்கு வந்துவிட்ட நூடுல்ஸ் சூப்பைக் குடித்து ஊதிப்போயிருக்கும். முதலில் நசுக்கிய வெள்ளரிக்காயில் பூண்டும் வினிகரும் சேர்த்த தட்டைக் கேளுங்கள். அதைக் கொறித்துக்கொண்டே ஒரு தட்டு டம்ப்ளிங். அது பாதி தீரும்போது அடுத்த தட்டு. நூடுல்ஸ் கடைசியில் வரட்டும்.

லான்ஜோவ் கடையில் மாவைக் கையாலேயே இழுத்து நூலாக்குவார்கள். மயிரிழைபோன்ற மாவ்ஷி முதல் இடுப்புப்பட்டை அகலத் தாகுவான் வரை எது வேண்டும் என்று கேட்பார்கள். அரட்டையடித்தபடி சாப்பிடுபவர் மயிரிழையைக் கேட்க வேண்டாம். இரண்டு கதை முடிவதற்குள் அது குழைந்துவிடும். பார்சல் வாங்கினால் சூப்பைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள்.

சோயா சாஸில் முக்கிக் குளிப்பாட்டுவதும் நம் பழக்கமாகிவிட்டது. பூரணத்தில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. அதற்குத் தேவை புளிப்பு. ஒட்டரிசியில் செய்த ஜென்ஜியாங் வினிகர் அங்கே மேசையிலேயே இருக்கும். பெரும்பங்கு அதுவாக இருக்கட்டும், சோயா சில சொட்டுப் போதும். குவோதியேயின் முறுகிய பக்கத்தைச் சாஸில் தோய்த்தால் சமையல்காரர் பட்ட பாடு வீண்.

குச்சி பிடிக்கத் தெரியாவிட்டால் கரண்டி கேளுங்கள், யாரும் எதுவும் நினைக்கமாட்டார்கள். குச்சிகளைக் கிண்ணத்தில் செங்குத்தாக மட்டும் நட்டுவைக்காதீர்கள். இறந்தவர்களுக்கு ஊதுபத்தி ஏற்றும் கோலம் அது. இறந்தவர்களுக்குப் படைக்கும் சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் சிங்கப்பூர்த் தெருவோரங்களில் அந்தக் காட்சியைப் பார்த்தவர்களுக்குச் சொல்லாமலே புரியும். கேட்காமலே மேசைக்கு வரும் ஈரத்துணிக்கும் வேர்க்கடலைக்கும் சில கடைகளில் பில்லில் காசு ஏறும். வேண்டாமென்றால் தொடுவதற்கு முன்பே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

சாப்பிட்டு முடிக்கும்போது அந்த அம்மா ஒரு கிண்ணத்தில் வெளிறிய வெந்நீர் கொண்டுவந்து வைப்பார். டம்ப்ளிங் வெந்த தண்ணீர். பாத்திரம் கழுவியதோ என்று சந்தேகப்பட்டு நான் நெடுநாள் தள்ளிவைத்தேன். வெந்த நீரே வெந்ததைச் செரிக்கவைக்கும் என்பது வடசீனத்தார் நம்பிக்கை. நம் வடிகஞ்சிக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பூரணமும் ஒரே பானையில்தான் வேகிறது என்பதால் சைவர்கள் விட்டுவிடலாம். மற்றவர்கள் சூட்டோடு குடியுங்கள், உப்பு கேட்காமல்.