மருமகனின் பாம்பு சட்டை கழற்றிய கதை

லண்டனில் இருக்கும் அக்காவின் மகன் ஒரு ராயல் பைதன், அதாவது ஆப்பிரிக்காவின் சின்ன வகை மலைப்பாம்பு, வளர்க்கிறான். மார்கழியில் ஓர் இரவு அதன் படத்தை அனுப்பி, "மாமா, இதுக்குக் கண் தெரியாமப் போச்சு" என்றான். இங்கே திருகோணமலை உப்புவெளியில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. தோஹாவில் செல்லப்பிராணிக் கடையொன்றில் ஏழு வருடம் பாம்புகளைப் பார்த்தவன் நான். அதனால் இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் என்னிடம்தான் வரும்.

கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் நடுவில் நீர் ஊறும்போது கண் பால் கலந்த நீலமாக மங்கும், உடம்பும் வெளிறும். சில நாளில் கண் தெளிந்துவிடும். பலர் அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துப் பாம்பைத் தூக்குவார்கள். அவசரப்படாதீர்கள், அதற்குப் பிறகும் சில நாள் கழித்துத்தான் சட்டை கழலும். அதுவரை தொடாமல் விடுங்கள். பார்வை மங்கிய பாம்பு பயத்தில் கடிக்கும். இரையும் வேண்டாம், தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும்.

எல்லாமே ஈரப்பதத்தில்தான் இருக்கிறது. இந்த வகைப் பாம்புக்குச் சாதாரணமாக 50 முதல் 60 சதவீதம், சட்டை கழற்றும் நாட்களில் 70 வரை. அவனுடைய மீட்டர் 35 காட்டியது. வீட்டு ஹீட்டர் செய்த வேலை. ஆடியில் வறண்ட கச்சான் காற்று அடித்தால் நமக்கு உதடு வெடிக்கிறதே, அந்தக் கதைதான்.

இரண்டு லீட்டர் ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றை எடுக்கச் சொன்னேன். பக்கத்தில் பாம்பு நுழையும் அளவுக்கு ஓட்டை வெட்டி, விளிம்பை உரைதாளால் தேய்த்து, உள்ளே ஸ்பாக்னம் பாசியை (கடையில் விற்கும் காய்ந்த பாசி) நனைத்து நன்றாகப் பிழிந்து நிரப்பி, கூட்டின் சூடான பக்கம் வைக்க வேண்டும். கூடு முழுவதையும் நனைத்து வைத்தால் வயிற்றில் கொப்புளம் வரும். மூக்கை உரசித் தோலைப் பிரிக்க ஒரு சொரசொரப்பான மரக்கட்டையும் போடுங்கள்.

துண்டு துண்டாகக் கழன்றால், பாம்பின் உடம்புத் தடிப்பளவு தண்ணீரில் இருபது நிமிடம் விடுங்கள், பக்கத்திலேயே இருங்கள். தண்ணீர் 28, 30 பாகை இருந்தால் போதும், கன்னியா வெந்நீர்க் கிணற்றுச் சூடு வேண்டாம். பிறகு ஈரத் துவாய்க்குள் ஊர விட்டால் மிச்சம் தானாக உரியும். வால் நுனியைக் கட்டாயம் பாருங்கள். அங்கே வளையமாக ஒட்டிய தோல் காய்ந்து இறுகினால் இரத்தம் ஓடாமல் நுனி செத்துவிடும்.

கண்ணில் ஒட்டிய பழைய தோலை மட்டும் தொடாதீர்கள். தோஹாவில் முதல் வருடம் நான் சாவணத்தால் இழுத்தேன், அந்தப் பாம்புக்கு ஒரு கண் போனது. பெட்டியில் ஈரத்தைக் கூட்டி அடுத்த சட்டை வரை பொறுங்கள், அப்போதும் போகாவிட்டால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

இதைப் படித்துவிட்டு நம் பக்கத்துக் காட்டில் மலைப்பாம்பு பிடிக்கக் கிளம்பாதீர்கள். அது சட்டம் பாதுகாக்கும் பாம்பு.

பத்து நாள் கழித்து மருமகன் வீடியோ எடுத்தான். காலுறையைப் புரட்டிக் கழற்றியது போல, முழுச் சட்டையும் ஒரே நீளமாகச் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. தலைப் பக்கம் வெளிச்சத்தில் பிடிக்கச் சொன்னேன். மணிக்கூட்டுக் கண்ணாடி போல இரண்டு சின்ன வட்டங்கள், இரண்டு கண்ணின் மேல்தோலும் சரியாக வந்திருந்தது. வால் நுனியும் இருந்தது. பின்னால் அக்காவின் குரல்: "சாப்பிடுற மேசையிலயா அதை வச்சிருக்கிறாய்?"