கோணிப்போன லேண்ட்சாட் படமும் பள்ளிக்கரணைக் கரையும்

சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் நீர்க்கரையை வரைய எடுத்துக்கொண்டது, லேண்ட்சாட் 5 செயற்கைக்கோள் எடுத்த பழைய படம். இடம் சரியாக உள்ள இன்னொரு படத்தின் மேல் வைத்தபோது வேளச்சேரிப் பக்கம் ரோடு சரியாக உட்கார்ந்தது, பெரும்பாக்கம் பக்கம் இரண்டு பிக்சல் விலகி நின்றது. இப்படியானால் படத்தை அப்படியே நகர்த்திப் பயனில்லை, படமே கோணியிருக்கிறது.

முதலில் பேண்டுகளை (ஒவ்வொரு ஒளி அலைவரிசைக்குமான தனிப் படங்களை) ஒரே கோப்பாக அடுக்கிவிடுங்கள். தனித்தனியாகத் திருத்தினால் ஒன்றுக்கொன்று ஒட்டாது. ஒப்பிட்டுத் திருத்துவதற்கான அடிப்படைக்கு சென்டினல்-2 செயற்கைக்கோள் படம், இடத்தை மீட்டரில் குறிக்கும் ஆயத்தொலை முறை யுடிஎம் 44 வடக்கு (மென்பொருளில் அதன் குறியீடு இபிஎஸ்ஜி 32644).

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளின் ஜியோரெஃபரன்சர் கருவியில், இரண்டு படத்திலும் ஒரே இடத்தைக் காட்டும் புள்ளிகளை எங்கே வைக்கிறோம் என்பதுதான் உயிர்நாடி. நீர் விளிம்பில் வைக்கவே கூடாது. ஏப்ரல் கரை வேறு, டிசம்பர் கரை வேறு. சாலைச் சந்திப்பு, ரயில் பாலம், செம்பரம்பாக்கம் ஏரியின் கட்டப்பட்ட அணைக்கரையின் முனை போன்றவை நகராதவை. படத்தை மெல்ல வளைத்துத் திருத்தும் பாலினாமியல் 2 முறைக்கு 6 புள்ளி கட்டாயம். நான் 15-க்குக் குறைய விடுவதில்லை, நான்கு மூலைக்கும் பரப்புவேன். சராசரிப் பிழை அரை பிக்சலுக்குள், அதாவது 15 மீட்டருக்குள் வர வேண்டும்.

தின் பிளேட் ஸ்ப்லைன் என்ற இன்னொரு வளைக்கும் முறையைப் போட்டால் பிழை பூஜ்யம் என்று காட்டும். ஏமாறாதீர்கள்! புள்ளிகள் வழியாகவே வளைப்பதால் அப்படித்தான் வரும். கணக்கில் சேர்க்காத ஐந்தாறு இடங்களில் விலகலை அளந்து பார்ப்பதே உண்மையான சோதனை.

ரீசாம்ப்ளிங்கில், அதாவது வளைத்த படத்தின் பிக்சல்களுக்கு மதிப்புத் தரும்போது, அருகிலுள்ள பிக்சலின் மதிப்பை அப்படியே எடுக்கும் நியரஸ்ட் நெய்பர் மட்டும். மற்றவை பிக்சல் மதிப்பைக் கலக்கிவிடும். பிறகு நீரைப் பிரிக்க, பேண்ட் 2 (பச்சை ஒளி), பேண்ட் 5 (குறுஅலை அகச்சிவப்பு) இரண்டையும் வைத்து: (பேண்ட் 2 − பேண்ட் 5) ÷ (பேண்ட் 2 + பேண்ட் 5). பூஜ்யத்துக்கு மேல் வந்தால் பெரும்பாலும் நீர். ஆகாயத்தாமரை மூடிய பகுதி மட்டும் தரையென்றே வரும், அதைக் கையால்தான் வரைய வேண்டும்.