சணப்பு போட்டா மட்டும் பத்தாது, எப்ப மடக்கணும்னு தெரியணும்

சணப்பு மாதிரி செடியை வளத்து, பச்சையாவே வெட்டி மண்ணுல மடக்கிப் புதைக்குறதுதான் பசுந்தாள் உரம். இதுக்கு விதையைத் தூவி விட்டா வேலை முடிஞ்சுதுன்னு நெறைய பேரு நெனச்சுக்கிறாங்க. முளைக்க வைக்குறது ஈஸிதான். சொதப்புறது எல்லாம் அதுக்கப்புறம், அதுலயும் முக்கால்வாசி வெட்டுற நாளைத் தள்ளிப்போடுறதுலதான்.

சணப்பு ஒரு 45 நாள் வாக்குல பூ எடுக்க ஆரம்பிக்கும். மஞ்சப் பூ, தேனீ வேற வரும், ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டுட்டு இன்னும் ரெண்டு வாரம் நிக்கட்டுமேன்னு விட்டுருவாங்க. ஆனா அது கயிறு திரிக்க, சாக்கு நெய்யவே வளக்குற நார்ப்பயிருங்க. காய் புடிச்சா தண்டு கட்டையாயிரும், தழையில இருந்த சத்தும் விதைக்குப் போயிரும். அந்தக் கட்டையைப் புதைச்சா அதை மக்க வைக்குற நுண்ணுயிரிங்க தங்களுக்கு வேணுங்கற தழைச்சத்தை மண்ணுல இருந்தே இழுத்துக்கும், அப்புறம் நட்ட கத்தரி நாத்து வெளுத்துப்போய் நிக்கும், பசுந்தாள் போட்டும் மஞ்சளா இருக்கேன்னு யூரியா வாங்க ஓடுவாங்க. பூ வந்ததும் தண்டோட அடியில நகத்தால கிள்ளிப் பாருங்க, நகம் இறங்குனா அன்னைக்கே வெட்டிருங்க. இறங்கலைன்னா லேட்டு, அதைப் புதைக்காம துண்டு போட்டு மேல மூடாக்கா பரப்பிக்கலாம்.

அடுத்த அவசரம், மடக்குன மறுவாரமே விதை போடுறது. நெல்லு வயல்ல மடக்கி ஒரு வாரத்துல நடவு போடுறாங்களேன்னு கேப்பீங்க, அது தண்ணி கட்டி மிதிச்ச சேறு, சீக்கிரம் அழுகிரும். வீட்டுத் தோட்டத்துல ரெண்டுல இருந்து மூணு வாரம் விடணும், அதுவும் ஈரம் இருந்தாத்தான் மக்கும், காய விட்டா அப்படியே கிடக்கும். கீரை, முள்ளங்கி மாதிரி சின்ன விதையை அழுகிட்டு இருக்குற தழை மேல போட்டா முளைக்குறப்பவே சாஞ்சு போயிரும். ரொம்ப ஆழமாவும் புதைக்காதீங்க, அரை அடிக்குள்ள போதும், அதுக்குக் கீழ போனா காத்தில்லாம நாறும்.

இந்தக் கணக்கைப் போட்டா விதைக்குற நாள் தானா வந்துரும். ஆடிப்பட்டத்துக்கு காய்கறி போடணும்னா ஜூலை நடுவுல இடம் ரெடியா இருக்கணும், பின்னாடி எண்ணுனா சித்திரை கடைசியில கோடை மழை ஈரத்தோட சணப்பு விழுந்திருக்கணும். ஐப்பசி கார்த்திகையில போட்டுட்டு வளரவே இல்லைன்னு சொல்றவங்க இருக்காங்க, பகல் குறைஞ்சா சணப்பு குட்டையா இருக்கும்போதே பூத்துரும், தழை தேறாது.

இடத்துக்கு ஏத்த மாதிரி போடுறதும் முக்கியம். தண்ணி நிக்குற இடம், உப்பு மண்ணுன்னா தக்கைப்பூண்டு, சணப்பு தண்ணி நின்னா செத்துரும். காஞ்ச மணல் தரைக்கு கொளுஞ்சி, ஆடு மாடு பெருசா தொடாது, ஆனா விதைத்தோல் ரொம்ப கெட்டி, மணலோட சேத்துத் தேய்ச்சுட்டுத்தான் போடணும், அப்படியே போட்டா பாதி முளைக்காது. விதையில கஞ்சத்தனம் வேண்டாம், தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோன்னா சென்ட்டுக்கு 200 கிராம். இடைவெளி விட்டுப் போட்டா செடி கிளைச்சு தண்டு தடிச்சுரும், நெருக்கமா வந்தாத்தான் மெலிசா, தழையா வரும்.

யூரியாவோ கோழி எருவோ போட்டு இதை வளக்குறவங்களும் உண்டு. மண்ணுலயே தழைச்சத்து கிடைச்சா, காத்துல இருந்து அதைப் பிடிக்குற முடிச்சே வேருல சரியா கட்டாது, அப்புறம் எதுக்கு இந்தப் பயிரு? புது இடம்னா பயறு வகைக்குக் குடுக்குற ரைசோபியத்தை (அந்த முடிச்சை உண்டாக்குற பாக்டீரியா) ஆறின கஞ்சியில கலந்து விதையில பெரட்டி நிழல்ல காய வச்சுப் போடுங்க. ஒரு மாசத்துல ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்க, உருண்டையா ஒட்டிட்டு இருக்குறதை வெட்டுனா உள்ள ரோஸ் கலரா இருக்கணும், வெள்ளையா இருந்தா வேலை செய்யலன்னு அர்த்தம். வேரைத் தாக்குற நூற்புழுவால வர்ற முடிச்சைப் பாத்து ஏமாந்துராதீங்க, நல்ல முடிச்சு விரலால தள்ளுனா உதிரும், நூற்புழு வந்தா வேரே வீங்கியிருக்கும், உதிராது.

ஆன்லைன்ல க்ளோவர்ங்கற குளிர் பிரதேசப் பசுந்தாள் பயிரோட விதையை வாங்கி சென்னை வெயில்ல போடுறதெல்லாம் காசுக்குக் கேடு. ஊட்டி, கொடைக்கானல்னா தாராளமா போடுங்க. வடக்க பெர்சீம்னு ஒரு க்ளோவரை மாட்டுத் தீவனமா போடுறாங்க, அதுவும் குளிர்காலத்துலதான்.

மாடித்தோட்டப் பையில புதைக்க இடம் இருக்காது, வேரை உள்ளயே விட்டுட்டு தழையை மட்டும் நறுக்கி மேல போடுங்க. விதைக்குன்னு நாலு சணப்புச் செடி விடுறதா இருந்தா காய் குலுக்கினா சலசலன்னு சத்தம் கேக்குறப்ப பறிச்சு டப்பாவுல போட்டு எட்டாத இடத்துல வைங்க, அந்த விதை கோழிக்கும் ஆடு மாட்டுக்கும் ஆகாது.