சிவப்பில் நின்ற முள்

வேலூர் வெயிலில் எந்த வண்டியும் சூடாகும்தான். ஆனால் என் பழைய டீசல் ஜீப், ஏலகிரி மலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டும் முன்பே வெப்பமானியின் முள்ளைச் சிவப்புக்கு ஏற்றிவிடும். ரேடியேட்டரோ கொதிக்கவே இல்லை. ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரைக் கட்டுப்படுத்தும் வால்வான தெர்மோஸ்டாட்டை மாற்றியும் பயனில்லை.

அப்புறம்தான் இன்ஜின் சூட்டை உணர்ந்து முள்ளை நகர்த்தும் சென்சார் மேல் சந்தேகம் வந்தது. போன வருடம் கடையில் "எல்லாத்துக்கும் செட் ஆகும் சார்" என்று கொடுத்தது அது. கழற்றி, ஒயரை நீட்டி, அதன் உடம்பை எர்த் செய்து (ஜீப்பின் உலோக உடம்போடு ஒயரால் இணைத்து), சமையல் தெர்மாமீட்டரோடு வெந்நீரில் தொங்கவிட்டேன். (பாத்திரம் போன கோபம் வீட்டில் இன்னும் தீரவில்லை.) தண்ணீர் 80 டிகிரியில் இருக்கும்போதே முள் முக்கால்வாசியைத் தாண்டிவிட்டது.

சூடு ஏற ஏற இந்த சென்சாரின் மின்தடை குறையும். குறையக் குறைய முள் ஏறும். என்னுடையது தேவைக்கு மேல் குறைந்தது. எனவே அந்தக் குறையை ஈடுகட்ட, ஒயரில் தொடராக ஒரு ரெசிஸ்டர் (மின்தடை) போட்டால் போதும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில் 15 ஓம் சரியாக அமைந்தது. 80 டிகிரிக்கு முள் நடுவில். குளிர்ந்த நிலையில் சென்சாரின் தடையே பல நூறு ஓம் என்பதால் அங்கே வித்தியாசம் தெரியவில்லை. 1 வாட் ரெசிஸ்டரைப் பற்றவைத்து ஸ்லீவ் போட்டேன்.

சென்சாரைத் திரும்ப மாட்டும்போது மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றாதீர்கள். சென்சாருக்கு எர்த் கிடைப்பதே அந்த மரை வழியாகத்தான். எர்த் கெட்டால் முள் குறைத்துக் காட்டும்; அது இதைவிட ஆபத்து.