ஆரி வேலையை ஆன்லைனில் கற்றுத் தருவது எப்படி? முதல் பேட்ச் முடியும்வரை செய்முறை விளக்கம்

கல்யாண ப்ளவுஸுக்கு ஆரி (கொக்கி ஊசியால் போடும் எம்பிராய்டரி) போட்டுக் கொடுப்பவர்கள் இன்று தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். நாலு நாள் குனிந்து உட்கார்ந்தால் நாலு நாள் கூலி. முதுகும் கண்ணும் ஒத்துழைக்கும்வரைதான் அந்த வருமானம். அதே கைவேலையைச் சொல்லிக் கொடுப்பதும் ஒரு தொழில்தான், ஆனால் அதற்கான தயாரிப்பு வேறு. நன்றாக ஆரி போடத் தெரியும், ஆன்லைனில் இதுவரை யாருக்கும் கற்றுத் தந்ததில்லை என்பவர்களுக்காக இந்தப் பதிவு. ஒரு ஸ்மார்ட்போனும் ஓரளவு நல்ல நெட் சிக்னலும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

படி 1: மாணவி எதை முடிக்கப் போகிறார் என்று தீர்மானியுங்கள்

'பேசிக் முதல் அட்வான்ஸ்டு வரை, 60 தையல்கள்' என்று விளம்பரம் போடத் தோன்றும். வேண்டாம். புதிதாகச் சேர்பவர் ஐந்தாறு தையலிலேயே களைத்துவிடுவார், மீதியைப் பார்க்கக்கூட மாட்டார். 'நாலு வாரத்தில் ஒரு ஜோடி ப்ளவுஸ் கை' என்று சொல்லுங்கள். இரண்டு அங்குல பார்டர் போதும். அந்த பார்டரில் வராத தையல் எதுவும் இந்த வகுப்பில் இருக்கக் கூடாது.

முதல் வாரம் முழுவதும் செயின் ஸ்டிச் (சங்கிலித் தையல்) மட்டும்: நேர்கோடு, வளைவு, முனை. இரண்டாவது வாரம் நூலிலும் ஜரியிலும் ஃபில்லிங். மூன்றாவது வாரம் சுகர் பீட்ஸ் (பொடிப் பாசி), சம்கி (மினுக்கும் சிறு வட்டத் தகடு). நாலாவது வாரம் டிசைன் ஏற்றிய துணியில் ப்ளவுஸ் கையை முடிப்பது. ஒரு வாரத்தைச் செயினுக்கே கொடுப்பது வீண் என்று நினைக்காதீர்கள். பாசி கோப்பதும் சம்கி வைப்பதும் செயினின் மேல் ஒரு பொருளை ஏற்றுவதுதான். செயின் ஒழுங்காக வராதவருக்கு மூன்றாவது வாரத்தில் எதுவும் வராது.

படி 2: கீழே இருக்கும் இடது கையைக் காட்டுங்கள்

பெரும்பாலான ஆரி வீடியோக்கள் தோற்பது இங்கேதான். கேமரா மேலே இருக்கிறது, ஊசி பிடித்த வலது கை தெரிகிறது. பாதி வேலை நடப்பதோ துணிக்கு அடியில், நூல் பிடித்த இடது கையில். மாணவி எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் அந்தக் கை தெரியாது.

இதற்கு எளிய வழி இருக்கிறது. ஃப்ரேமில் (துணியை இறுக்கி மாட்டும் மர வளையம்) வழக்கமான துணிக்குப் பதிலாக வெள்ளை ஆர்கன்சா மாட்டுங்கள், மறுபக்கம் தெரியும் மெல்லிய துணி அது. பட்டு நூலுக்குப் பதிலாக அடர் சிவப்பில் தடித்த காட்டன் நூல், அதற்கேற்ற தடித்த ஊசி. துணி வழியாகவே இடது விரல்கள் தெரியும். இன்னொரு போன் கிடைத்தால் அதை ஃப்ரேமுக்கு அடியில் மேல்நோக்கி வைத்து எடுங்கள். பத்துப் பன்னிரண்டு தையல், மிக மெதுவாக. ஊசி இறங்குகிறது, இடது விரல்கள் நூலைக் கொக்கியில் ஒரு சுற்று சுற்றுகின்றன, ஊசி அரைச் சுற்று திரும்புகிறது, பிறகு மேலே வருகிறது. இந்த நான்கு அசைவையும் தனித்தனியாக நிறுத்திச் சொல்லுங்கள். ஊசியை மாட்டும்போதே கொக்கியும் கைப்பிடியின் ஸ்க்ரூவும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும் என்பதையும் காட்டிவிடுங்கள். துணிக்குள் போன கொக்கி எந்தப் பக்கம் இருக்கிறது என்று மேலிருந்தே சொல்ல அந்த ஸ்க்ரூதான் அடையாளம்.

மேல் கேமராவை உங்கள் எதிரில் வைக்காமல், உங்கள் தோளுக்கு மேலிருந்து துணியைப் பார்க்கும்படி வையுங்கள். எதிரில் வைத்தால் எல்லாம் தலைகீழாகத் தெரியும், மாணவி மனதுக்குள் திருப்பிப் பார்த்துத் திணறுவார். துணிக்கும் போனுக்கும் ஒன்றரை அடி இடைவெளி இருக்கட்டும். திரையில் ஊசி முனை இருக்கும் இடத்தை அழுத்திப் பிடித்து ஃபோகஸை லாக் செய்யாவிட்டால், கை அசையும்போதெல்லாம் படம் மங்கி மங்கித் தெளியும். ஒரே விளக்கு என்றால் உங்கள் கை நிழலே தையலை மறைக்கும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு எல்இடி பேட்டன் வையுங்கள். பளபளக்கும் சாட்டினை விட்டுவிட்டு அடர் பச்சையிலோ மெரூனிலோ காட்டன் துணி எடுங்கள், நூல் வெளிர் நிறத்தில் இருக்கட்டும்.

ஒரு வீடியோவுக்கு ஒரு தையல், ஆறு முதல் பத்து நிமிடம். காலர் மைக் போட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். பின்னணியில் சினிமாப் பாட்டு வைத்தால் யூடியூபில் காப்புரிமைப் புகார் வரும்.

படி 3: கிட்

பொருளை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்று விட்டால், ஒருவர் மட்டமான ஊசி வாங்குவார், இன்னொருவர் துணி கிடைக்கவில்லை என்று இரண்டு வாரம் தள்ளிப்போடுவார். கிட் அனுப்புவதே நல்லது. நூலுக்கான சன்ன ஊசி மூன்று, ஜரிக்குத் தடித்த ஊசி ஒன்று, கைப்பிடி ஒன்று, பயிற்சிக்கு ஒரு மீட்டர் காட்டன் துணி, டிசைன் ஏற்றிய கைத்துணி ஒரு ஜோடி, ஐந்து நிறத்தில் பட்டு நூல், ஒரு ஜரி, 50 கிராம் சுகர் பீட்ஸ், 25 கிராம் சம்கி. ஒரே ஊசி அனுப்பினால் அது முதல் வாரமே உடையும், வகுப்பும் அங்கேயே நிற்கும். மூன்று வைப்பது அதனால்தான். பாசியைக் கவரில் போட்டு, அந்தக் கவரை டப்பாவில் போடுங்கள். கவர் மட்டும் என்றால் வழியிலேயே பிய்ந்து பெட்டி முழுக்கச் சிதறும்.

ஃப்ரேமை கொரியரில் அனுப்பினால் செலவு ஏறும், மரத்தில் விரிசல் விழவும் செய்யும். அவர்களையே வாங்கச் சொல்லி இரண்டு விஷயத்தை மட்டும் வலியுறுத்துங்கள். உள்வளையத்தில் காட்டன் நாடா சுற்ற வேண்டும், இல்லையென்றால் துணி நழுவும். விரலால் தட்டினால் பறை மாதிரி சத்தம் வரும் அளவுக்குத் துணி விறைப்பாக இருக்க வேண்டும். ஸ்டாண்ட் இல்லாதவர்கள் ஒரே உயரமுள்ள இரண்டு ஸ்டூலுக்கு நடுவே ஃப்ரேமை வைக்கலாம். இரண்டு கையும் ஃப்ரேமைப் பிடிக்காமல் வேலை செய்ய முடிந்தால் சரி.

இலங்கை, மலேசியா, சிங்கப்பூரிலிருந்து தமிழில் கற்கச் சேர்பவர்களுக்குக் கிட் அனுப்பாதீர்கள். ஒவ்வொரு பொருளின் படத்தோடும் ஒரு பட்டியல் கொடுத்து, கட்டணத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: வகுப்பை நடத்துவது

முதல் பேட்ச்சுக்குத் தனி ஆப் வேண்டாம். வீடியோக்களை யூடியூபில் அன்லிஸ்டட் (தேடலில் வராத வீடியோ) ஆக ஏற்றி, வாட்ஸ்அப் குழுவில் லிங்க் கொடுங்கள். லிங்க் கிடைத்த யாரும் அதைப் பார்க்க முடியும் என்பது இதிலுள்ள ஓட்டை. தொடக்கத்தில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். நாலைந்து பேட்ச் ஓடியபின், பணம் கட்டியவர் மட்டும் பார்க்கக்கூடிய தளத்துக்கு மாறுங்கள்.

வாரத்தில் இரண்டு நாள் ஜூமில் சந்தேக வகுப்பு. இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் அழைப்பு துண்டிக்கப்படும். ஒரு பேட்ச்சுக்கு 12 பேர் என்று வைத்து, அவர்களை ஆறு ஆறாகப் பிரித்தால் ஒவ்வொருவர் கையையும் பார்க்க அந்த நேரம் போதும். கேமராவை முகத்துக்கு வைக்காமல் ஃப்ரேமுக்கு வைக்கச் சொல்லுங்கள். கூச்சப்பட்டு கேமராவை அணைத்துவைப்பவர்களும் கையைக் காட்டத் தயங்க மாட்டார்கள்.

வீட்டுப்பாடத்துக்கு முன்பக்கம், பின்பக்கம் என இரண்டு படம் கேளுங்கள். முன்பக்கம் அழகாக இருந்தும் பின்பக்கம் நூல் தொங்கினால், இடது கை நூலைத் தளர்வாக விட்டிருக்கிறது என்று அர்த்தம். ஊசி மேலே வராமல் துணியில் சிக்குகிறது என்றால் அரைச் சுற்று திருப்பவில்லை, அல்லது துணி தொய்வு. நூல் பிரிந்து பிசிறடிக்கிறது என்றால் கொக்கி பாதி நூலை மட்டும் பிடித்திருக்கிறது. தையல் ஒன்று நீளம் ஒன்று குட்டை என்றால் பென்சிலால் இரண்டு மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்துப் போடச் சொல்லுங்கள். கடைசி முடிச்சை முதல் நாளே கற்றுக்கொடுங்கள். முடிச்சிடாத செயின் ஒரே இழுப்பில் மொத்தமும் பிரிந்து வரும். ஒரு மணி நேர உழைப்பு அப்படிப் போனால் புதியவர் மறுநாள் ஊசியைத் தொட மாட்டார்.

படி 5: கட்டணம்

ஒரு மாதிரிக் கணக்கு. கட்டணம் 1,800 ரூபாய். கிட்டுக்கு 520, கொரியருக்கு 90 என்று வைத்தால் கையில் நிற்பது 1,190. 12 பேருக்கு 14,280. உங்கள் நேரம்: சந்தேக வகுப்புகள் சுமார் 11 மணி, தினமும் ஒரு மணி நேரம் வீட்டுப்பாடம் பார்க்க 28 மணி, பேக்கிங் 6 மணி. ஆக 45 மணி நேரம், மணிக்கு சுமார் 317 ரூபாய். இதே வகுப்பை 999 ரூபாய்க்குக் கொடுத்தால் மணிக்கு 104தான் தேறும். பக்கத்து வீட்டுக்காரர் 499க்கு நடத்துகிறார் என்று கேட்டுப் பதறாதீர்கள். அந்த விலையில் தினமும் யாருடைய தையலையும் திருத்திக் கொடுக்க முடியாது. நீங்கள் விற்பதே அந்தத் திருத்தத்தைத்தான்.

முழுப் பணமும் வந்தபின் கிட்டை அனுப்புங்கள். பணம் திரும்பக் கிடைக்கும் விதியைச் சேரும் முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். யுபிஐக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொண்டால் கணக்கு குழம்பாது. சேவைத் தொழிலுக்கு ஆண்டு மொத்த வரவு (லாபம் அல்ல) 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். வெளி மாநிலத்துக்குப் பொருள் விற்பதற்கு விதி வேறு, அதனால் கிட் அனுப்பும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். உதயம் பதிவு (சிறுதொழிலுக்கான அரசுப் பதிவு) முற்றிலும் இலவசம். அதற்குப் பணம் கேட்பவர்களிடம் ஏமாறாதீர்கள்.

படி 6: ஆள் சேர்ப்பது

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, தையல்காரர்களுக்கு ஆர்டர் குறைவு. கற்றுக்கொள்ள நேரம் கிடைப்பது அப்போதுதான். ஆடி முதல் தேதி தொடங்கினால் ஆவணி முகூர்த்தத்துக்கு முன் கை முடிந்திருக்கும். மார்கழியில் தொடங்கினால் தை வந்துவிடும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியபின், காலை 11 மணி பெரும்பாலானவர்களுக்கு ஒத்துவரும்.

ரீல்ஸில் முடிந்த ப்ளவுஸையே காட்டிக்கொண்டிருந்தால் ப்ளவுஸ் ஆர்டர்தான் வரும், மாணவி வரமாட்டார். 'ஊசி சிக்குகிறதா? இதுதான் காரணம்' என்று 30 விநாடியில் ஒரே ஒரு பிழையைத் திருத்திக் காட்டுங்கள். ஏற்கெனவே முயன்று தோற்றவர்கள்தான் முதலில் சேர்வார்கள். இணையத்தில் எடுத்த படத்தை உங்கள் வேலையாகப் போடாதீர்கள். ஆரி மெட்டீரியல் கடையில் ஒரு அட்டை வைக்க அனுமதி கேளுங்கள்.

முதல் பேட்ச் முடிந்ததும் ஒவ்வொருவரும் எந்த நாளில் படம் அனுப்புவதை நிறுத்தினார் என்று நோட்டில் எழுதிப் பாருங்கள். மூன்று நாலு பேர் ஒரே பாடத்தில் நின்றிருப்பார்கள், பெரும்பாலும் அது வளைவில் செயின் போடும் பாடம். இரண்டாவது பேட்ச்சுக்கு விளம்பரம் போடும் முன் அந்த ஒரு வீடியோவை, வளைவில் தையலைக் குட்டையாக்குவது தெளிவாகத் தெரியும்படி, ஆர்கன்சா துணியில் மறுபடி எடுங்கள்.